மாமா பெயருக்கு விழுந்த பாடு

பக்கத்து வீட்டுப் பெண் நேற்றுக் காலையிலிருந்து கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த மலாக்காவில் அதுதான் எல்லாக் குழம்புக்கும் உயிர். இடித்து, மூடிவைத்து, அழுகவிட்டு, பிறகு வெயிலில் காயவைத்து, அந்த நாற்றம் கூரை ஓலைக்குள் ஏறும்வரை விடமாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன், மாமா. நீங்கள் போய்விட்டீர்கள் என்ற செய்தி நேற்று மத்தியானம் வந்தது. பழவேற்காட்டிலிருந்து துணி மூட்டை ஏற்றி வந்த கப்பலில் வேலை செய்யும் நம் பக்கத்து ஆள் ஒருவன் சொன்னான். நேற்றிலிருந்து குமட்டுகிறது. இறாலால் குமட்டுகிறதா, அவன் சொன்ன செய்தியால் குமட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. இப்போது உயிரோடும் இல்லை. அதனால் தைரியமாக உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

பசியாவரத்தில் பிறந்து, நாலு பக்கமும் ஏரி சூழ்ந்த தீவில் வளர்ந்து, தோணியில் கால் வைத்தால் வாந்தி எடுக்கும் ஒரே ஆண்பிள்ளை நான்தான். கல்யாணம் முடிந்த கையோடு என்னை ஏரிக்கு அழைத்துப் போனீர்கள். கரை மறைவதற்கு முன்பே வயிற்றில் இருந்த விருந்துச் சோறெல்லாம் தண்ணீருக்குள் போயிற்று. தோணியில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் துடுப்பைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "மீனுக்குக் கஞ்சி ஊத்தறான்டா என் மருமவன்" என்று கரையேறியதும் ஊர் முழுக்கச் சொன்னீர்கள். உங்கள் மகள் எல்லம்மா உங்களோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. மீன்மேல்தான் கோபம் வந்தது. அந்த வழுவழுப்பு, செதில், வலையில் காய்ந்து ஒட்டிய குடல், எல்லாமே எனக்கு அருவருப்பு. இன்றும் அப்படித்தான்.

பழவேற்காட்டில் ஒரு கணக்குப்பிள்ளை வீட்டில் எடுபிடியாக இருந்தபோது பழகிய எழுத்துதான் என்னைக் காப்பாற்றியது. அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஊர் சிரித்தது, பிறகு பழகிவிட்டது. பிள்ளைகள் முழங்கையில் செதிலோடு வருவார்கள். கை கழுவாதவர்களை மணலில் உட்காரவிடமாட்டேன். மணலில் விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, ஒரு மழைக்காலத்துக்குள் பாதிப் பேர் தங்கள் பெயரை எழுதினார்கள். நீங்கள் வலை காயவைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் வந்து நின்று பார்ப்பீர்கள். ஒன்றும் சொல்லமாட்டீர்கள். உங்களுக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

வாத்தியார் வேலையால் வயிறு நிறையாது. நிறைத்தது என் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்ற முறைக்குத்தான் நம் ஊரில் பாடு என்று பெயர். வருடா வருடம் கோயில் முன்னால் ஆளுக்கொரு அடையாளத்தைப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். ஒருவருக்குச் சங்கு, ஒருவருக்கு மீன்முள், எனக்கு உடைந்த எழுத்தாணி. பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துகிற ஆணுக்குத்தான் பாடு. கல்யாணமாகாதவனுக்கு இல்லை, மனைவியை இழந்தவனுக்கும் இல்லை. அத்தை செத்த வருடமே உங்கள் அடையாளத்தைப் பானையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏரியில் உங்களைப்போல வலை கட்டத் தெரிந்தவன் இல்லை, ஆனால் உங்களுக்கு ஏரியில் கையகலம் இடம் இல்லை. எனக்கு இடம் இருந்தது, தோணியில் நிற்கத் தெரியவில்லை. என் பெயரில் நீங்கள் வலை கட்டினீர்கள். மூன்று பேரும் ஒரே உலையில் சாப்பிட்டோம். அந்த நாட்களில் நாற்றத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு எல்லம்மாவை அழைத்துப் போனார்கள். ஒல்லாந்தர் கோட்டையில் ஒரு துரை வீட்டுக் குழந்தையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துரைக்கு மலாக்காவுக்கு மாற்றல் வந்தது. குழந்தை அவளை விட்டால் பால் குடிக்காது என்றார்கள். வருகிறாயா என்று யாரும் கேட்கவில்லை, துணியைக் கட்டு என்றார்கள். நான் கோட்டை வாசலில் நின்று கெஞ்சினேன். காவல்காரன் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் துப்பத் தோன்றுகிறது. கப்பல் நின்ற இடத்துக்குப் படகில் போய் வழியனுப்பியது நீங்கள். எனக்கு அதற்கும் வயிறு ஒத்துழைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளிடமிருந்து கப்பல்காரர் வாய்வழியாகச் செய்தி வந்தது. துரை வீட்டில் சொல்லிவைத்திருக்கிறாள், துணிக் கிடங்கில் எழுத ஆள் வேண்டுமாம், இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். செத்தால் இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் சாவேன் என்றீர்கள். அப்போதே எனக்குப் புரிந்தது. எல்லம்மா எங்கிருந்தாலும் உயிரோடு இருக்கிறாள், நான் வீட்டில் உலை வைக்கிறேன், அதனால் என் பாடு நிலைத்தது. நானும் கிளம்பினால் வீடு மூடிவிடும். வீடு மூடினால் பாடு இல்லை. பாடு இல்லை என்றால் நீங்கள் அடுத்தவன் கயிற்றை இழுக்கும் கூலிதான்.

அதனால் போகவில்லை. பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை என்று ஊரில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஒரு கப்பல் போயிற்று, அடுத்த வருடக் கப்பலும் வந்தது. ஊர்ப் பெரியதனக்காரர் கொட்டகைக்கே வந்து பிள்ளைகள் எதிரில் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, பொண்டாட்டி முந்தானைய புடிச்சிக்கினு கப்பல் ஏறப் போறியாமே. அங்க போயி அவ ஆக்கற சோத்தத் துன்னுட்டு குந்தினு இருப்பியா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் பாடு உண்டு. ஒரு அடையாளம் குறைந்தால் நல்ல இடம் விழ அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வெற்றிலைச் சாறு வழிந்த அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த அருவருப்பு எந்த மீனிடமும் வந்ததில்லை.

அடுத்த நாள் நீங்கள் செய்ததுதான், மாமா, இத்தனை வருடமாக என் தொண்டையில் நிற்கிறது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் பெரியதனக்காரரும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். உள்ளே நீங்கள் காலிக் குடத்தோடு நின்றீர்கள். அடுப்பு நிறைய மீன் கழுவிய தண்ணீர். சாம்பலோடு கலந்து கறுப்பாக, மேலே இறால் தலைகள் மிதந்தன. ஒரு வீட்டில் கடைசி ஆளும் செத்துப்போனால்தான் நம் ஊரில் அப்படிச் செய்வார்கள். அதற்குப்பின் அந்த அடுப்பை மூட்டக்கூடாது, அந்த வீட்டை மறுபடி குலுக்கலில் சேர்க்கமாட்டார்கள். உயிரோடு இருக்கிறவன் வீட்டில், ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, நீங்களே ஊற்றினீர்கள்.

நான் வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். பெரியதனக்காரர் முகத்தில் வந்த திருப்தியை அவர் மறைக்கக்கூட இல்லை. எல்லோரும் போனபின் நான் உங்களைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்னைக் காட்டிக் காட்டி எத்தினி வருசம் இங்கியே குந்தினு இருப்பே? எம்பொண்ணு தனியா கீறா. போடா" என்றீர்கள். பிறகு, "அவ கேட்டா நைனா பாடு எடுக்கறார்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத" என்றீர்கள்.

கேட்கிறவர்களுக்கு இது பெரிய தியாகமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உட்கார்ந்து பேசி, அழுது, நானாகவே போகிறேன் என்று சொல்ல ஒரு இடம் கொடுத்திருக்கலாம். பெண்ணைக் கோட்டைக்காரன் கேட்காமல் அனுப்பினான், மருமகனை நீங்கள் கேட்காமல் அனுப்பினீர்கள். நன்றி சொல்லவும் வழியில்லாமல் நாற்றத்தில் முக்கி அனுப்பினீர்கள். உங்களை நினைக்கும்போது முதலில் அந்த இறால் தலைகள்தான் கண்ணில் வருகின்றன. அதற்காக உங்கள்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

கடைசி நாள் கொட்டகையில் பிள்ளைகளிடம் நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்றேன். ஒரு பெண் குழந்தை, "அப்டீன்னா இனிமே நாங்க கை கழுவ வேணாமா வாத்தியாரே?" என்று கேட்டாள். கழுவுங்கள் என்றேன். அந்த மாதமே கொட்டகையில் வலை காயப்போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரியதனக்காரர் வலையாம். வேறு யாருடையதாக இருக்கும்?

கப்பலில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் மறுபடி சிரிப்பீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். எலும்பும் தோலுமாக இறங்கினேன். எல்லம்மா துறையில் நின்றிருந்தாள். என் தோளைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதலில் கேட்டது இதுதான்: "நைனா பாடு எடுக்கறாரா?"

எடுக்கிறார் என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. நம் ஊரில் முகத்துவாரம் திறந்து இறால் உள்ளே வரும் மாதம் வந்தால், இங்கே அவள் கேட்பாள், இந்த வருடம் நைனாவுக்கு எந்த இடம் விழுந்ததாம் என்று. கப்பல் ஆட்களிடம் விசாரித்ததாகச் சொல்லி நான் இட்டுக்கட்டுவேன். ஒரு வருடம் தெற்குக் கரை, ஒரு வருடம் சேற்றுப்பக்கம். சுமாராகச் சொன்னால் நம்புவாள் என்று பெரும்பாலும் சுமாரான இடங்களாகவே கொடுத்தேன். ஒரே ஒரு முறை, அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, முகத்துவாரத்தை உங்கள் பெயருக்குக் கொடுத்தேன். ஏரியிலேயே நல்ல பாடு. தோணி தண்ணீர் மட்டத்துக்கு அமுங்க இறால் வந்தது என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

உண்மையில் விசாரித்தபோது கிடைத்தது வேறு. நீங்கள் பெரியதனக்காரர் பிள்ளைகளின் கயிற்றை இழுக்கிறீர்கள், பிறகு இழுக்கவும் முடியவில்லை, கரையில் பெண்களோடு குந்தி இறால் பிரிக்கிறீர்கள், வலையிலிருந்து சிந்தியதைப் பொறுக்கிக்கொள்ள விடுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் தெற்குக் கரை என்று சொல்ல வேண்டும். என் வாயே எனக்கு நாறியது, மாமா.

நேற்று வந்தவன் சொன்னான், கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்துவிட்டீர்களாம். பாடு உள்ளவன் செத்தால் அன்றைக்கு ஏரியில் யாரும் வலை இறக்கமாட்டார்கள் இல்லையா, அதனால் கேட்டேன், அன்றைக்கு ஏரி சும்மா இருந்ததா என்று. அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை. "அவருக்கேது பாடு? அன்னிக்கி நல்ல இறாலு. தூக்கினு போறப்போகூட தோணி வந்துகினே இருந்துச்சி" என்றான். பல் குத்திக்கொண்டே சொன்னான். அவன்மேல் தப்பில்லை. ஆனால் அந்த ஊரை, அந்தப் பானையை, அந்த இறாலைத் தின்றவர்கள் அத்தனை பேரையும் நினைத்து நான் கிடங்குச் சுவரோரம் நின்று காறித் துப்பினேன்.

வீட்டுக்குப் போய் எல்லம்மாவிடம் சொன்னேன். கடைசிப் பொய் என்பதால் ஒழுங்காகச் சொல்ல நினைத்தேன். வலை கட்டிவிட்டுக் கரையேறும்போது போய்விட்டார், அன்றைக்கு ஏரியில் ஒரு வலைகூட இறங்கவில்லையாம் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"இன்னும் எதுக்குயா பொய் சொல்ற?" என்றாள். "நீ கப்பல் ஏறன அன்னிக்கே அவருக்குப் பாடு பூட்ச்சி. நான் இன்னா வெளியூர்லயா பொறந்தேன்?"

பானையைக் குலுக்குவதைப் பார்த்து வளர்ந்தவள். அம்மா செத்த வருடம் அப்பாவின் அடையாளத்தை எடுத்தபோது பக்கத்தில் நின்றவள். அவளிடம் போய் இத்தனை வருடம் ஏரியைப் பங்கு போட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சிதான் உன்னைக் கூப்ட்டேன்" என்றாள். "அவரு வரமாட்டார்னும் தெரியும். நீ வந்தா அவரு இன்னா ஆவாருன்னும் தெரியும். கூப்ட்டேன்." அதற்குப்பின்தான் அழுதாள்.

நீங்கள் என்னைக் கேட்கவில்லை என்று கோபப்பட்டேன். அவளும் உங்களைக் கேட்கவில்லை. எப்படிப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்தேன் என்று நினைத்தேன். அவள்மேல் அருவருப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன், கயிறு, கரை, சிந்திய இறால், பல் குத்திக்கொண்டே சொன்னவன் வரைக்கும். எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு, "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, முகத்துவாரம் அவரு பேருக்கு விழுந்துதுன்னு சொன்னியே. அதுனாச்சும் நெசமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான் என்றேன். ஒரு வருடம் மட்டும் ஊர் இரக்கப்பட்டு உங்கள் அடையாளத்தைப் பானையில் போட்டது என்றேன். அவள் தலையாட்டினாள். அதனால் சொல்கிறேன், மாமா, நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் முகத்துவாரம் உங்களுக்குத்தான் விழுந்தது. என்றைக்காவது அவள் அங்கே வந்து கேட்டால், அப்படித்தான் சொல்ல வேண்டும்.