எட்டாம் எண் காரின் புகைக்குழாய்

மார்ச் 4, புதன்

எட்டாம் எண் காருக்குப் புகைக்குழாய் வைத்துவிட்டேன். பித்தளைக் குழாயைச் சூடாக்கி வளைக்கும்போது இரண்டு தடவை நசுங்கித் தொலைந்தது. அடுத்தது படத்தில் இருக்கிற மாதிரியே வந்தது. பானெட்டிலிருந்து வெளியே வந்து, காரின் வலது விலா நெடுக ஓடி, பின்சக்கரத்தைத் தாண்டி முடிகிறது. நிஜக் காரில் இரண்டடி என்றால் என் மேசையில் ஓர் அங்குலம். அந்த அங்குலத்துக்குள் பொய் இருக்கக் கூடாது.

என் விரலில் பசை காய்ந்திருப்பதைத் துறைத்தலைவர் இன்று கவனித்தார். எனக்கு இளையவர், என் பாடக்குறிப்புகளைப் படித்துத் தேறியவர். "என்ன சார், இன்னும் பொம்மைக் காரா?" என்றார். மறக்க மாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

இந்த வருஷக் கண்காட்சிக்கு மாதிரிக்கார் சங்கம் எல்லோருக்கும் ஒரே காரைக் கொடுத்திருக்கிறது. பழைய பந்தயக் கார். அதற்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம். அதைத்தான் சங்கத்துக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே கார், ஒரே படம். யார் கை சுத்தம் என்று தெரிந்துவிடும்.

தம்பியும் செய்கிறானாம். செய்யட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கிறேன்.

சாயங்காலம் மனைவி என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த படத்தை எட்டிப் பார்த்து, "இந்த ஆளு என்னங்க, பொண்டாட்டி சட்டையை மாட்டிட்டு வந்துட்டானா?" என்றாள். காரை ஒட்டி நிற்கிற மெக்கானிக்கைச் சொல்கிறாள். "ஆம்பளைச் சட்டையில பொத்தான் வலது பக்கம் இருக்கும். இவனுக்குப் பாருங்க, இடது பக்கம்."

சிரித்தேன். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

மெக்கானிக்குக் கைக்கடிகாரம் வலது மணிக்கட்டில். பின்னால் வேடிக்கை பார்க்கிற அத்தனை பேருக்கும் சட்டைப்பை வலது மார்பில். அச்சடித்தவன் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறான். காரின் எண் எட்டு. எட்டைக் கண்ணாடியில் பார்த்தாலும் எட்டுதான். அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. புகைக்குழாய் வலதுபுறம் இல்லை. இடதுபுறம். பெட்ரோல் மூடியும் பக்கம் மாற வேண்டும்.

வகுப்பில் வருஷா வருஷம் கண்ணாடியும் பிம்பமும் நடத்துகிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. பொத்தான் தைத்தவளுக்குத் தெரிந்தது.

மார்ச் 9, திங்கள்

எல்லோரும் கண்ணாடியில் தெரிகிற காரைச் செய்துகொண்டிருக்கிறார்கள். தம்பியும்தான்.

சங்கத்துக்குச் சொல்வது முறை. சரி, எனக்கு யார் முறை பார்த்தார்கள்? ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கண்காட்சி. நடுவர் என் காரைக் கையில் ஏந்தி ரசித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற தம்பி, "அண்ணா, அந்த டயர் இந்தக் காருக்கு அடுத்த வருஷம்தானே வந்துச்சு?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மறந்திருப்பேன். நடுவர் காரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. டயர் சரியான டயர்தான்.

இப்போது என் முறை. கண்காட்சி நடக்கிற மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால் சொல்வேன்.

"உங்க தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பாவம்" என்றாள்.

"ஓரகத்தியோட பேசும்போது கார் பேச்சே எடுக்கக் கூடாது. அவங்க எடுத்தாலும் நீ கேட்டுக்கக் கூடாது."

"நான் ஸ்கூல்ல ஐந்நூறு பிள்ளைங்களை அடக்குறவ. வீட்டுல என்னை ஊமையாக்குறீங்க."

"கார் விஷயத்துல மட்டும்."

மார்ச் 12, வியாழன்

குழாயை அறுத்து எடுத்தேன். போன வாரம் என் கையால் போட்ட துளைகளையெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். இடது விலாவில் புதுத் துளை போடும்போது பானெட் விளிம்பில் மயிரிழை விரிசல். மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் போன். தம்பி. ஆறு வருஷமாக வராத போன். எடுக்கவில்லை.

என்ன வேண்டுமாம்?

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் அவன். ஆழம் பார்க்கிறான். நான் எதுவரைக்கும் வந்திருக்கிறேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இவள் ஓரகத்தியோடு பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைகள் படிப்பு, முழங்கால் வலி. நடுவில், "கார் பத்தியா? அது வேண்டாம்மா, எனக்குத் தடை உத்தரவு" என்றாள். கதவைத் திறந்து என்னைப் பார்த்து, "காவல் முடிஞ்சுதா? போய்த் தூங்குங்க" என்றாள்.

மார்ச் 19, வியாழன்

போன் மூன்று தடவை அடித்தது. அவன் எண்ணையே முடக்கிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பிவிட்டது. முழுக்க உரசி எடுத்தேன். அடைத்த துளைகளின் தடம் உப்புத்தாளுக்கு அடியில் மறுபடி தெரிகிறது. அதுவும் என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது. சனிக்கிழமை கண்காட்சி. முடியுமா? முடிக்காமல் விட்டால் அவன் தப்பித்துவிடுவான். முடித்தே ஆக வேண்டும்.

அவளிடம் எரிந்து விழுந்தேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன பண்றேன் நான்? ஒரு குழாய்க்காகவா இவ்வளவும்? குழாய்க்காக இல்லை.

மார்ச் 27, வெள்ளி

முடிந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தாலும் தடம் தெரியவில்லை.

மெக்கானிக்கின் சட்டையைப் பெரிதாக்கி அச்செடுத்து மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியமும் தயார். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்: "இது கார் இல்லை தம்பி, கண்ணாடியில தெரியிற கார்."

மார்ச் 28, சனி

மண்டபத்தில் வரிசையாக எட்டாம் எண் கார்கள். அத்தனையிலும் குழாய் வலதுபுறம். தம்பியின் மேசையைத் தேடிப் போனேன்.

அவன் காரில் குழாய் இடதுபுறம்.

இவள் சொல்லிவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவன் என் கையிலிருந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. நீயும் கண்டுபிடிச்சிட்டியா அண்ணா? ரெண்டு வாரமா இதுக்குத்தானே போன் போட்டேன். சட்டைப்பை தப்பான பக்கம் இருக்குன்னு சொல்லலாம்னா நீ எடுக்கவே மாட்டேங்கிற. என் வீட்டுக்காரி அண்ணிகிட்ட சொல்லப் போனா தடை உத்தரவுங்கிறாங்க. நீ வலது பக்கம் வெச்சுட்டு வந்து நிப்பியோன்னு எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்லை."

பையில் இருந்த காகிதம் கனத்தது.

நடுவர் கையேட்டுடன் வந்தார். என் காரைப் பார்த்தார், அவன் காரைப் பார்த்தார். "அண்ணனும் தம்பியும் பேசி வெச்சுத் தப்பு பண்ணியிருக்கீங்களே" என்றார். நாங்கள் பேசி ஆறு வருஷம் ஆயிற்று என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தம்பி என்னைப் பார்த்தான். நான் பேசட்டும் என்று காத்திருந்தான்.

காகிதத்தை எடுத்து விரித்தேன். "தப்பு எங்களோடது இல்லை சார். மத்ததெல்லாம் கார் இல்லை, கண்ணாடியில தெரியிற கார்."

அவனுக்காக வைத்திருந்த வாக்கியம்.

நடுவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த ஆளு இடதுகைக்காரனா இருக்கலாமே" என்றார்.

"வேடிக்கை பார்க்க வந்தவங்க எல்லாருமா சார்?" என்றான் தம்பி.

சிரித்துவிட்டேன். அடக்கத்தான் பார்த்தேன்.

இரண்டு கார்களையும் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பரிசு சங்கத்தில் இருக்கிற ஒரு பல் டாக்டரின் காருக்கு. வலதுபுறக் குழாய்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் அவளிடம், "அவனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"காதைப் பொத்தச் சொன்னது யாரு?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 9, வியாழன்

முடக்கத்தை எடுத்து நாலு நாள் ஆகிறது. இன்று தம்பி போன் செய்தான். எடுத்தேன். டயர் பேச்சை ஆரம்பித்தவன் அவன்தான், நான் இல்லை. அந்த டயர் முந்தைய வருஷமே சோதனை ஓட்டத்தில் இருந்தது என்று ஆதாரத்தோடு சொன்னேன். "சோதனை ஓட்டம் வேற, பந்தயம் வேற அண்ணா" என்கிறான். பிடித்த முயலுக்கு மூன்றே கால். நானும் விடவில்லை. போன் சூடாகிக் காது சுட்டது.

"இதுக்கு நீங்க ரெண்டு பேரும் பேசாமலே இருந்திருக்கலாம்" என்று இவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவனிடம் அந்த டயர் ஒரு ஜோடி இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறானாம். மேசையின் அந்தப் பக்கம் கிடந்த டப்பாக்களை ஒதுக்கி ஒரு நாற்காலி போட்டேன். ஒரு கால் சற்று ஆடும். ஆடட்டும்.