கழற்றிய முழங்கால்

மாமி,

நேற்றுப் படகு எஞ்சின் திருத்தக் கொண்டுவந்த ஒருவர், என் மேசையில் கிடந்த உங்கள் பழைய முழங்காலைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல பாரமாக் கிடக்கு தம்பி. எந்த எஞ்சினின்ர சாமான்?"

"என்ர மாமியின்ர."

சுடுசட்டியைத் தொட்டவர்போல வைத்துவிட்டு, உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் குறுக்கே பேசமாட்டீர்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத வசதி அது.

முதல் சத்திரசிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. கெடுத்தது நீங்கள். செயற்கை முழங்கால் சரிவந்தால் ஒவ்வொரு திருநாளுக்கும் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருவதாக அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தீர்கள். நேர்வதற்கு உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

சில வருடங்களில் கால் ஆடத் தொடங்கியது. விடிய முதல் கரைக்குப் போய், வலையில் துடிக்கும் மீனைப் பார்த்து வாங்கி விற்ற நீங்கள், கதிரையில் இருந்தபடி, ஆள் விட்டு வாங்கிய மீனைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். "நடக்கேலாட்டி நான் இருந்தென்ன" என்று ஒருநாள் சொன்னீர்கள். அன்றைக்கு மட்டும் நான் பகிடி விடவில்லை.

டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்பிலயிருந்து கழண்டு ஆடுது. முழங்காலில நிண்டனீங்களோ அம்மா?"

"சீ, நிக்கேல்லை."

நான்தான் போட்டுக்கொடுத்தேன். "நிக்கேல்லை டொக்டர். அதாலை நடந்தவா. வருசா வருசம்."

மாற்றலாம், ஆனால் எலும்பு தேய்ந்திருக்கிறது, புதியதும் கழன்றால் பிறகு பிடிக்க இடமில்லை என்றார் அவர். நீங்கள் அதற்குப் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "கழட்டிற சாமானைக் கையில தரோணும். இந்தத் தம்பியின்ர எஞ்சின் கடையில அப்பிடித்தான்" என்றீர்கள். பழையதைக் கையில் கொடுக்காவிட்டால் புதியதைப் போட்டதாக எங்கள் கரையில் யாரும் நம்பமாட்டார்கள் என்பதை அவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. நல்ல மனிதர். கழுவிப் பையில் போட்டுத் தந்தார்.

நீங்கள் மறுபடி நடக்கத் தொடங்கியதும் அதைக் கடைக்குக் கொண்டுவந்தீர்கள். "எது பழுதெண்டு பார்."

பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. "சாமானில பிழையில்லை மாமி. பாவிச்ச ஆளிலதான் பிழை."

"அதுதான் இந்தமுறை ஆளை மாத்திப்போட்டன். முழங்காலில நீ வருவாய் எண்டு நேர்ந்தனான்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா ஓம் எண்டிருப்பியோ?"

"இல்லை."

"பிறகென்ன!"

ஒவ்வொரு திருநாளுக்கும் மறுத்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் உங்கள் வீட்டுச் சோற்றில் என் மீன்துண்டு சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் முள்ளும் வாலும்தான். நீங்களோ கரைக்கும் வீட்டுக்கும் நடந்தபடி இருந்தீர்கள். இதயம் நின்ற அன்று காலையிலும் ஒரு பாரைமீனுக்காகக் கரையில் நின்று சண்டை பிடித்திருந்தீர்கள்.

இந்தத் திருநாளுக்குப் போனேன். நம்பிக்கை ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. பீடத்துக்குப் பாதித் தூரத்திலேயே முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. உங்கள் பக்கத்து வீட்டு அன்ரி குனிந்து கேட்டார்.

"ஆருக்கடா நேர்த்தி?"

"மாமிக்கு."

"அவா செத்துப்போனாவெல்லோ?"

"ஓம். முழங்கால் கடைசிவரைக்கும் பழுதாகேல்லை."

கழற்றிய சாமானை உரியவரிடம் கொடுப்பதுதான் கடை வழக்கம். செத்தவீட்டன்று, உங்கள் சவப்பெட்டியை மூடுமுன் உள்ளே வைக்கத்தான் அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பைக்குள் கையை விட்டேன். எடுக்க முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

இன்னொன்று. இந்த நேர்த்தி ஒருமுறைக்கா, வருசா வருசமா என்று சொல்லாமலே போய்விட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியும். முழங்காலில் இரட்டைத் துணி வைத்து ஒரு காற்சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.