உப்புக் கிடங்கின் பழைய கூரை

பம்பாய்
12.2.1976

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் லூர்துமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

உப்புக் கிடங்கின் பழைய சிமெண்ட் ஷீட்டுகளை இறக்கி, அறுத்து, பாஸ்கா பண்டிகைக்குள் நம் சமையலறைக்குப் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அறுக்க வேண்டாம். அதில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கிறது.

நான் நர்ஸ் வேலை பார்க்கும் வார்டில் கோட்டக்குப்பம் கபூர் பாய் படுத்திருக்கிறார். பழைய கப்பல்களின் பாய்லர்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிய்த்தெடுக்கும் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுவிட்டது. நீங்கள் எழுதியதைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்மூரு பொண்ணாச்சேன்னு சொல்றேம்மா. அந்தத் தூசி கண்ணுக்கே தெரியாது. தெனம் என் சட்டைய உதறித் தொவைச்சவ என் பொஞ்சாதி. அவ எனக்கு முன்னாடியே போய்ட்டா.”

டாக்டரிடம் கேட்டேன். ஷீட்டை நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுசாக இறக்க வேண்டுமாம். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு சாக்கில் கட்டி ஆழமாகப் புதைக்க வேண்டும். தூசியைப் பெருக்கவே கூடாது. முகத்தில் துண்டு கட்டினால் போதாதாம். அதனால் நீங்கள் மேலே ஏறாதீர்கள். அம்மா எந்தச் சட்டையையும் உதற வேண்டாம்.

சமையலறைக்குக் கீற்றே போதும்.

பதிலை இன்லண்டு கடிதம் நிறைய எழுதுங்கள். இங்கே எனக்குப் படிக்கக் கிடைக்கும் தமிழ் அது ஒன்றுதான். கபூர் பாய்க்கும் வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்காக நாள் கடத்தாமல் எழுதுங்கள் அப்பா. டூட்டி மணி அடித்துவிட்டது.

லூர்துமேரி