மூன்று வருஷத்து ஐப்பசி

நேற்று மயூர் விஹாரில் பல் டாக்டர் பெண் கிராம்புத் தைலம் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, முன்பல்லெல்லாம் ஏக்தம் சுத்தமா இருக்கு. சின்ன வயசுல நல்லா சாப்பிட்டிருக்கீங்க" என்றாள். பாராட்டு வாங்கிக் கூனிக் குறுகியது இதுதான் முதல் தடவை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்றாவது எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் வடக்கே வந்து, பழைய எலும்புக்கூடுகளை அளந்து எழுதும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். கோல் மார்க்கெட்டில் ஒரே அறை. இருவரும் தஞ்சாவூர்ப் பக்கம். என் அப்பாவுக்கு நிலம் இருந்தது. உன் அப்பா யாருடைய நிலத்திலோ கூலி. அதை மட்டும் நாம் பேசியதில்லை.

அன்று மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்களின் பற்கள். மற்றதில் அதே பகுதியில் பிற்பாடு உழுது வாழ்ந்தவர்களின் பற்கள். "பயிர் வெச்சப்புறம்தானே மனுஷன் வயிறாரச் சாப்பிட்டான்" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். நீ லென்ஸை என் பக்கம் தள்ளினாய். காட்டில் வாழ்ந்தவர்களின் பற்கள் வழவழவென்றிருந்தன. உழவர்களின் பற்களில் குறுக்கே பள்ளம் பள்ளமாகக் கோடுகள்.

"பல்லு உருவாகுற வயசுல பட்டினி கெடந்தா இப்படி நின்னு நின்னு வளரும். சாகுற வரைக்கும் அழியாது. காட்டுக்காரனுக்கு ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணு. இவனுக்கு வெள்ளாமை போனா எல்லாம் போச்சு. வெளைஞ்சாலும் களத்தோட போச்சு, எவன் வீட்டுக்கோ!"

பிறகு உன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாய். முன்பற்களில் மூன்று கோடுகள்.

"மூணு வருஷத்து ஐப்பசிடி இது. அடைமழை, வேலை கெடையாது, அறுப்புக்கு இன்னும் மூணு மாசம்" என்று சிரித்தாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு மறந்திருக்காது. "எங்கப்பா யாரையும் பட்டினி போட்டதில்ல." நீ எங்கள் வீட்டைச் சொல்லவே இல்லையே! எனக்குத்தான் சுருக்கென்றது.

"அச்சா, விடு" என்று உதட்டை மூடிக்கொண்டாய். அதன்பிறகு இத்தனை வருஷமும் என் எதிரே சிரித்தபோதெல்லாம் வாயைக் கையால் மறைத்தாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி மறைத்துக்கொண்டுதான் சிரித்தாய். பாவி நான், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செத்து மண்ணானவர்கள் என்ன தின்றார்கள் என்று துருவித் துருவிப் பார்ப்பதே என் பிழைப்பு. ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த உன்னிடம், அந்த மாதங்களில் வீட்டில் என்னதான் சாப்பிட்டீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கையை எடுத்திருப்பாய்.