மலரைத் திரும்பக் கேட்கிறாள்

மார்ச் 4, திங்கள்
பல் கிளினிக்கில் கவுன்டரில் இருந்தபோது நலத்துறை அதிகாரியின் போன். மலரைப் பெற்றவள், புனிதா, குணமாகிவிட்டாளாம். டெங்கில் டவுனில் வீடு, வேலை எல்லாம் கிடைத்துவிட்டதாம். பிள்ளையைத் திரும்பக் கேட்கிறாளாம். நல்ல செய்தி என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது மாதக் குழந்தையாக எங்களிடம் வளர்க்கத் தந்தார்கள். இப்போது மூன்று வயதாகப் போகிறது. புனிதாவின் மனநோய் தீர வேண்டும் என்று தினமும் ஜெபித்தவளே நான்தான். ஆண்டவர் என் மற்ற ஜெபங்களையெல்லாம் ஃபைலில் போட்டுவிட்டு இதை மட்டும் கவனித்திருக்கிறார்.

மார்ச் 10, ஞாயிறு
ஆராதனை முடிந்து, கறி பஃப் மென்றுகொண்டே இராஜம்மா ஆன்டி சொன்னார்: "எல்லாம் தேவ சித்தம். ஒப்புக்கொடுத்துடு லா." மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது ஏர்போர்ட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவர். அன்று தேவ சித்தம் லீவில் இருந்திருக்கும்.

மார்ச் 15, வெள்ளி
நானும் என் கணவர் திமோத்தியும் வக்கீலைப் பார்த்தோம். நோயின் உச்சத்தில் புனிதா எனக்கு எழுதிய கடிதம் இருக்கிறது: என்னால் முடியாது அக்கா, மலரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று. அதைக் கோர்ட்டில் காட்டினால் பிள்ளை எங்களிடமே இருக்க வாய்ப்பு உண்டு என்றார்.

வீட்டு வாசலில் திமோத்தி, "அவ சாகக் கிடந்தப்போ எழுதினது, ஷார்மைன்" என்றார்.

தெரியும். தெரியாதவளா நான்?

மார்ச் 22
ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேட்டு ஸ்டேஷனில் நின்றேன். மோனோரயில்தான் வந்தது.

மார்ச் 29, பெரிய வெள்ளி
கெத்செமனே ஜெபத்தைப் பற்றிப் போதகர் நாற்பது நிமிடம் பேசினார். இயேசுவே முதலில் வேண்டாம் என்றுதான் கேட்டார். பிறகுதான் சரி என்றார். என்னை மட்டும் எல்லோரும் நேராகச் சரி சொல்லச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து முட்டி போட்டேன். வேண்டாம்பா, என்னால தாங்க முடியாது. உமக்கென்ன, உம்ம பிள்ளை மூணாம் நாளே திரும்பி வந்துட்டார். என் பிள்ளை?

அழுது முடித்தபோது ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது — புனிதா அந்தக் கடிதத்தை என்னை நம்பி எழுதினாள். கிழித்துப் போட்டேன். சித்தம் உம்முடையது. துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டது நான்.

ஏப்ரல் 13, சனி
டெங்கில். ஒரு பை, முயல் பொம்மை, மலர். புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 14
ஆராதனைக்குப் போகவில்லை. ஆண்டவர் வேண்டுமானால் என்னைத் தேடி வரட்டும்.

ஏப்ரல் 25, வியாழன்
தேடி வந்தது புனிதாவின் போன். "அக்கா, மூணு நாளா சரியா சாப்பிட மாட்டேங்குறா. மம்மி எங்கன்னு உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குப் பயமா இருக்கு. வர முடியுமா?"

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். எழுதியே வைக்கிறேன், ஆண்டவர் எப்படியும் பார்த்திருப்பார்.

அரை நாள் லீவு போட்டுப் போனேன். ரசச் சோற்றை எவ்வளவு குழைக்க வேண்டும் என்று காட்டினேன். ஊட்டியது புனிதா. மலர் சாப்பிட்டாள்.

ஜூன் 9, ஞாயிறு
ஆராதனை முடிந்து, இப்போதெல்லாம் போல, நேரே டெங்கில். கதவைத் திறந்த மலர் உள்ளே பார்த்து, "அம்மா, ஆன்டி வந்துட்டாங்க" என்றாள்.

திமோத்தி என் முகத்தைப் பார்த்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.