உன் படத்தைப் பார்த்துச் சிரித்த காலை

இன்று காலை நம் முனையில் புது ஃப்ளக்ஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ மொபைல் கடைத் திறப்பு விழா. அச்சு மை சரியாகக் காயாத அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. வெயில் ஏறுவதற்குள் நன்கொடை தந்தவர்களைப் பார்த்து நன்றி சொல்லி வரலாம் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தேன். நின்றவள் நின்றவள்தான். பின்னால் வந்த மீன்காரர் மணி அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

இந்த வருடமும் நடந்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியிலிருந்து கும்பளங்கி வரை, அதே வழி. படுக்கையில் விழுந்துவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நர்ஸ்களுக்கு வண்டியும் மருந்தும் வேண்டும். அதற்காக நாம் நடக்கிறோம், நம்மை நம்பி ஊரார் தருகிறார்கள். நீ தொடங்கியது நிற்கவில்லை. ஆனால் நடந்து முடிந்த பிறகு படியேறிப் படியேறி நன்றி சொல்வது உன் வேலையாக இருந்தது. நான் உன் பின்னால் நின்று தலையாட்டியதோடு சரி. “வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும் சேச்சி, இந்தக் காலத்துல யாரு வீட்டுக்குப் போறாங்க?” என்றார்கள் குழுவின் சின்னவர்கள். நான் போகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். நான் போகாவிட்டால் உன் பழக்கம் இத்தோடு முடிந்தது. அது தெரிந்தும், ஒரு முகத்தையும் நேராகப் பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். அதற்கு நம் முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வருடம் நன்றி சொல்ல ஃப்ளக்ஸ் வைக்கலாம் என்றது நீ. காக்கநாட்டு ஆபீசில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஒரு போர்டு வரையத் தெரியாதா என்று நானும் விட்டுவிட்டேன். எல்லாரையும்விட அதிகம் தந்தவர் முனையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே வேரூன்றிவிட்டவர். சிரிக்காத அவருடைய பாஸ்போர்ட் படத்தை நடுவில் பெரிதாக வைத்தாய். பளிச்சென்று தெரியட்டும் என்று பின்னால் கறுப்பு. மங்களகரமாக இருக்கட்டும் என்று ஓரத்தில் எரிகிற குத்துவிளக்கு. நன்றி என்ற எழுத்து மட்டும் அடியில் எங்கேயோ ஒடுங்கிக் கிடந்தது.

நம் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், சொந்தக்காரர் வந்து சேருவதற்கு முன்னால் முனையில் படம் ஏறிவிடும். கறுப்பு நிறம், விளக்கு, நடுவில் முகம். எத்தனை முறை அந்த வழியாகப் போயிருப்போம், நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லையே! மறுநாள் காலை சந்தையில் பாதிக் கடை ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர்கள் சேர்ந்து, சாவுக்கு வைக்கிற பூவளைய ரீத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அண்ணாச்சியோடு பல வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த எதிர்க்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதல் ஆளாகப் படியேறினார். உள்ளே அண்ணாச்சி சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

நாம் ஓடிப் போய் நின்றபோது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “ஏட்டி, உங்களுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா? உசுரோட இருக்கவனுக்கு வெளக்கு வச்சிருக்கீயளே!” நீ அவர் காலிலேயே விழப் பார்த்தாய். அவர் ரீத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “போட்டும். செத்தா எவன் எவன் வருவான்னு எல்லாவனுக்கும் பாக்கக் கெடைக்குமா? அடுத்த வருசமும் நம்மகிட்ட வாங்க. போர்டு மட்டும் வேண்டாம் தாயி.” எதிர்க்கடைக்காரருக்கும் ஒரு சாயா வந்தது.

திரும்பும் வழியில் சிரித்துச் சிரித்து உனக்கு விக்கலே வந்துவிட்டது. “எடீ, இனி போர்டே வேண்டாம். நன்றின்னா நேர்ல போய் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்” என்றாய். அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். எங்கே யாருடைய இரங்கல் போர்டைப் பார்த்தாலும் “இவரு எவ்வளவு குடுத்தாரோ!” என்று என் காதில் ஓதுவாய். நான் உன்னைக் கிள்ளுவேன்.

இப்போது அந்தக் காலையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மதுரைக் கல்யாணத்துக்குப் போய்விட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். போன் வழியிலேயே செத்துவிட்டது. எறணாகுளத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, பாலம் தாண்டி, நம் முனைக்கு வந்தால் உன் முகம். கும்பளங்கியில் நடையை முடித்ததும் நான் எடுத்த படம். குழுத் தொப்பி, வாயெல்லாம் பல். பின்னால் கறுப்பு, ஓரத்தில் விளக்கு. எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. யாரோ உனக்கு நன்றி சொல்லி போர்டு வைத்து, நம்மைப் போலவே சொதப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்லா வேணும் இவளுக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கூடச் சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சேச்சி அறிஞ்ஞில்லே? இன்னலே வைகிட்டு போயி.”

நேற்றுச் சாயங்காலம் போய்விட்டாளாம். என் பல் வெளியே தெரிய, வாய் அப்படியே நின்றுவிட்டது. ஆபீசில் நாற்காலியை விட்டு எழுந்தவள் சரிந்தாயாம். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததாம். அதெல்லாம் பிறகு கேட்டது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்ததெல்லாம், உன் சாவுப் படத்துக்கு முன்னால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான். உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சிரித்த வாய் இன்னும் மூடவில்லையோ என்று கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லையடி.

“எம்மா, நடுரோட்டுல என்ன நிக்க? உள்ள வா.”

அண்ணாச்சிதான். கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். போனேன். நன்றி அண்ணாச்சி என்று தொடங்கினேன், கண் வாசல் பக்கம் போய்விட்டது. வெளியே அந்தப் புது ஃப்ளக்ஸைக் கட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு சொல்லுதேன், யார்ட்டயும் சொல்லாத. அந்தப் புள்ள படத்த ஏத்துன அன்னைக்கு, நான் இங்கதான் நின்னேன். பாத்ததும் சிரிச்சுட்டேன். அவ திரும்பவும் தப்பாப் போட்டுட்டா, இந்தத் தடவ அவ படத்தையே போட்டுட்டான்னு நெனச்சேன். போன் போட்டுத் திட்டக்கூடச் செஞ்சேம்மா. அவ போனை வேற யாரோ எடுத்தாவ.” தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். “இத்தன வயசுக்கு ஒரு சாவுக்குச் சிரிச்சது நான் ஒருத்தந்தான்.”

“இல்ல அண்ணாச்சி, நானும்” என்றேன். உன்னைக் கொண்டுபோன அன்று வராத அழுகை அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வந்தது. கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பார்க்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் உனக்குச் சாவு வரும் என்று தோன்றவே இல்லையடி. போர்டு தப்பாக இருக்கலாம் என்று தோன்றியது, நீ இல்லாமல் இருக்கலாம் என்று தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “செரி, வந்த காரியத்தச் சொல்லு. அவ நேராப் பாத்துச் சொல்லுவா.”

அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன். அடுத்த படி எதிர்க்கடையினுடையது. அங்கேயும் ஏறினேன்.