பங்களாக் கோழிக்கூடு

அன்புள்ள அக்கா,

இன்று பழைய துரை பங்களாவின் கோழிக்கூட்டைக் கழுவினேன். கொழுந்தெடுக்க மலையேற முழங்கால் விடுவதில்லை. பங்களாவை வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள் என்று கேட்டு, கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. கருங்கல் சுவர், தகரக் கூரை, கம்பிவலை போட்ட ஒற்றை ஜன்னல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தரையில் தண்ணீரை ஊற்றியதும் பழைய எச்சத்தின் நெடி கிளம்பியது. தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சாய்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மழை வாரத்தில் நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்து மண் சரிந்தபோது, ஐந்து குடும்பங்களை இந்தப் பங்களாவின் குதிரைக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து, "குதிரைக்குக் கட்டுனது நம்ம காம்பராவ விட ஒசரமா இருக்குடி" என்றீர்கள். நிறைமாதமாக இருந்த எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையில் வலி வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை மண் மூடியிருந்தது. தோட்டத்து லொறியும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. கொட்டகையில் மறைவென்று ஒரு மூலைகூட இல்லை.

"ஆம்பளைங்க பாக்க புள்ள பெப்பியா? எந்திரி" என்று என்னைக் கைத்தாங்கலாகக் கோழிக்கூட்டுக்கு அழைத்து வந்தீர்கள். கோழிகளை மழையில் விரட்டினீர்கள். பங்களாச் சமையல்காரர் பதறி ஓடிவந்தார்.

"துரை கேட்டா நான் என்ன சொல்றது?"

"நனைஞ்சா கோழி செத்துறாதுன்னு சொல்லுங்க. போயி சுடுதண்ணி கொண்டாங்க."

சாக்குகளை விரித்து, உங்கள் சேலையை வாசலில் கட்டி, கொதிநீரில் போட்ட பிளேடால் தொப்புள்கொடியை அறுத்து, என் மகளைத் தூக்கியது நீங்கள். அதற்குமுன் ஒரு பிரசவமும் பார்த்ததில்லை என்று எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னீர்கள்.

மகளுக்கு எட்டு வயதிருக்கும், எங்கே பிறந்தேன் என்று கேட்டாள். பதுளை ஆஸ்பத்திரி என்றேன். பக்கத்திலிருந்த நீங்கள் அவள் போனதும் கேட்டீர்கள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

"கோழிக்கூட்டுல பொறந்தவன்னு ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கக்கா."

"சரி. நீயா சொல்ற வரைக்கும் என் வாயில வராது."

வரவேயில்லை. அவள் படித்து மொனராகலையில் டீச்சரானாள். லீவில் வரும்போதெல்லாம் பக்கத்துக் காம்பராவிலிருந்து நீங்கள் பார்க்க வருவீர்கள். "இந்தப் பெரியம்மா ஏம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். உங்கள் காதில் விழுந்தது. எழுந்து உங்கள் காம்பராவுக்குப் போனீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாசியில் நீங்கள் கண்மூடியபோது அவளுக்குப் போன் செய்தேன். "பரீட்சை நடக்குதும்மா. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதானே, நீ பாத்துக்க" என்றாள். வற்புறுத்த எனக்கு முகமில்லை.

இன்று வாசலில் உட்கார்ந்திருந்தபோது விடுதி மேற்பார்வையாளர் வந்தார். "இதுல ரெண்டு கட்டில் போடப் போறோம். இந்த மாதிரி எடத்துல தங்க ஆளுங்களுக்கு ரொம்ப ஆசை" என்றார். ஊரார் ஆசைப்பட்டுப் படுக்கப்போகும் இடத்தைச் சொல்லவா இத்தனை வருடம் வெட்கப்பட்டேன்? அவர் போனதும் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

 "என்னைய மொதல்ல தூக்குனவங்களாம்மா அவங்க?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை வருகிறாள். உங்களைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்கிறாள். காட்டுவேன். அவளிடம் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்றிருந்தேன், ஆகவில்லை, அக்கா. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.